நான் போடாத மூன்று பிடி மண்

மைமூன் ராத்தாவின் கபரில் நான் மண் போடவில்லை. போட்டதாகச் சொன்னேன். அவர் எந்த இடத்தில் அடக்கப்பட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லி, அவருடைய ஒரே மகனை வேறொருவரின் கபருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உண்மையான இடம் பிறகு தெரியவந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் படிக்காமல் விட்டாலும் குறையில்லை. மீதியெல்லாம்... மீதியெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான். ஆனால் எப்படி நடந்தது என்று சொல்லும்போதுதான் மனிதன் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பவிடுவான். ஆகவே என்னைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

நான் அஞ்சல் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் போனதும் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. நேற்றைய எண்ணை எடுத்துவிட்டு இன்றைய எண்ணைச் செருகி, ஒரு வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில், மாத்திரை அட்டையின் முதுகில், புதுக் குடையின் பிடியில் எல்லாம் தேதி எழுதிவைப்பேன். என் மனைவி சிரிப்பாள். "என் நெத்தியிலயும் ஒண்ணு குத்திருங்க. எப்பம் வந்தா, எப்பம் போனான்னு பின்னால ஒங்களுக்கு ஒதவும்."

எங்கள் ஊர் நெல்லைப் பேட்டைக்கு மேற்கே, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் கரையில் இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் பின்னால், இறந்தவர்களை அடக்கும் மையவாடி. எங்கள் ஊர் வழக்கப்படி கபருக்குக் கல் நட்டுப் பெயர் எழுதுவதில்லை. அடக்க வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்ட பிறகு, மண்ணைக் கூட்டிவைத்து, தலைமாட்டில் ஒரு செடியை ஊன்றிவிட்டு வருவோம். இரண்டு மழை பெய்தால் மேடு கரைந்துவிடும். செடியை ஆடு கடித்துவிடும். மூன்றாம் ஆண்டில் பெற்ற பிள்ளைகளே தடுமாறுவார்கள்... வேம்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், பிறைத் தேதி, ஆங்கிலத் தேதி, எந்தத் தொழுகைக்குப் பின் அடக்கம், மையவாடி வாசலிலிருந்து கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி. அடி என்றால் என் காலடி. ஒவ்வொரு அடக்கத்துக்கும் போவேன். எல்லோரும் கலைந்த பிறகு, வாசலிலிருந்து எண்ணி நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி உண்டு: கண்ணால் கண்டது மட்டும்.

ஊரில் எனக்குத் தேதி காக்கா, அதாவது தேதி அண்ணன், என்று பெயர். இறந்தவருக்கு வருடத்துப் பாத்திஹா ஓத நாள் கேட்க என் வீட்டுக்குத்தான் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை நான்தான் கூட்டிக்கொண்டுபோய் அவரவர் வாப்பாவின், உம்மாவின் இடத்தைக் காட்டுவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நிறைய இருந்தது.

மைமூன் ராத்தா எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தவர், எனக்கு அக்கா முறை. இளவயதில் கணவரை இழந்து, பீடி சுற்றி மகன் சாகுலை வளர்த்தவர். தெருவில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்திவிடுவது அவர்தான். என் மனைவியையும் அவர்தான் குளிப்பாட்டினார். எல்லாம் முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு முகத்துத் துணியை விலக்கினார். வெளியே ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலை மறித்து நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "பைய பாத்துக்கிடுங்க தம்பி. அவசரமில்ல. அவங்க நிப்பாங்க."

அப்படி ஒருவருக்கு நான் மூன்று பிடி மண் கடன்பட்டிருந்தேன். இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

2020. ஊரடங்கு. அந்த ஆண்டு பராஅத் இரவு ஏப்ரலில் வந்தது. பள்ளிவாசல் பூட்டியிருந்தது. அவரவர் வீட்டில் ஓதிக்கொண்டோம். அடுத்த சில நாளில், நோன்பு பிறக்கும் முன்பே, மைமூன் ராத்தா காய்ச்சலில் இறந்துபோனார். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

ஜமாஅத்துச் செயலாளர் என் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். "காக்கா, வாரியளா? தூக்க ஆளு பத்தல."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இருமினேன்.

எனக்கு இருமல் இல்லை! தொண்டையில் ஒன்றுமே இல்லை. வரவழைத்து இருமினேன். அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் கலிமா சொல்லும் குரல்கள் தெருவைக் கடந்தன. வழக்கமாகத் தெருவையே நிறைக்கும் ஓசை... அன்று ஐந்தாறு குரல்கள்தான். சன்னல் இடுக்கு வழியாகச் சந்தூக்கின் ஒரு மூலையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அந்த நேரத்தை எழுதிவைத்தேன். என்ன மனிதன் நான்!

இரவு சாகுல், வளைகுடாவில் தான் வேலை பார்த்த தம்மாமிலிருந்து பேசினான். விமானங்கள் நின்றுபோன நாட்கள் அவை. 

"மாமா, நீங்க போனியளா?"

"போனேன்."

"மண்ணு போட்டியளா?"

"போட்டேன் மருமவனே. ஒனக்காவும் சேத்து மூணு பிடி போட்டேன்."

அவன் கேட்டது இரண்டே கேள்வி. அந்தக் கடைசி வரியை அவன் கேட்கவே இல்லை. நானாகக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவன் துக்கத்தைக் குறைக்கவா? அல்லது ஏட்டில் காலியாக ஒரு கட்டம் இருந்தால் நிரப்பாமல் விட முடியாத என் கை, வாய்க்கும் வந்துவிட்டதா? அவன் வெகுநேரம் அழுதான். பிறகு, இனிமேல் தனக்குக் கவலையில்லை என்றான். தான் இல்லாத குறையை மாமா தீர்த்துவிட்டார் என்றான்.

அன்றிரவே குறிப்பேட்டிலும் எழுதினேன். போகாத இடத்துக்கு எப்படி அடி எழுதுவது? நான் ஊகித்தேன். வேம்பை ஒட்டிய வடக்கு வரிசையில்தான் அப்போது அடக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசி கபர் எது என்று எனக்குத் தெரியும். அதற்கு அடுத்தது இவருடையதாகத்தானே இருக்க முடியும்? கணக்குப் பார்த்து, கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன். கண்ணால் கண்டது மட்டும்!

ஊரடங்கு தளர்ந்ததும் போய்ப் பார்த்தேன். நான் எழுதிய அதே இடத்தில் புது மண் மேடு இருந்தது. என் ஊகம் சரி என்று... வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

அடுத்த ஆண்டு பராஅத்துக்கு சாகுல் வந்தான்.

இந்த இரவைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷஃபான் மாதத்தின் நடுவில், முழு நிலா இருக்கும் இரவு அது. வரும் ஆண்டில் யார் பிறப்பார், யார் இறப்பார் என்று மேலே ஏட்டில் எழுதப்படும் இரவு என்பது எங்கள் முன்னோரின் நம்பிக்கை. மன்னிப்புக் கேட்டு நிற்பவர்களுக்கு மன்னிப்பு இறங்கும். அன்று பகலிலேயே வீடுவீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். மாலையில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதுவோம்: ஆயுளுக்கு ஒன்று, ஆபத்து விலக ஒன்று, யார் கையையும் எதிர்பாராத வாழ்வுக்கு ஒன்று. இரவுத் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போய் அவரவர் ஆட்களுக்காகக் கையேந்துவோம். இந்த இரவுக்கென்று தனியாக ஒன்றுமில்லை என்று வாதாடும் இளைஞர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களும் உம்மாவின் கபருக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள்.

சாகுலை நான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினோம். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். நின்றேன். "இதுதான்" என்றேன்.

அவன் உடனே அழவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டான். ஒரு பிடி எடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே யாசீன் முழுவதும் ஓதினான். ஓதி முடித்த பிறகு, கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கூப்பிடுவது போல, சாதாரணக் குரலில், "உம்மா" என்றான். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரும்பும்போது மீரான் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். எங்கள் மையவாடியில் குழி வெட்டுகிறவர் அவர்.

"மைமூன் மவன் ஏன் அங்கன நிக்கான்?"

"அவன் உம்மா கபருலா அது."

"என்ன காக்கா சொல்லுதிய. அது ஊரடங்குல எறந்துபோன, பட்டறையில வேல பாத்த வடக்கத்தி ஆளு. சொந்தம்னு ஒருத்தரும் வரல, நாங்களே அடக்குனோம். மைமூன தெக்குச் சுவரு ஓரம்லா வச்சோம். காய்ச்சல்னு பயந்துக்கிட்டு எல்லாரையும் விட்டுத் தள்ளி வெட்டச் சொன்னாவ." என் முகத்தைப் பார்த்தார். "ஆமா, நீங்கதான் அன்னைக்கு வரலியே."

என்னால் நிமிர முடியவில்லை.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்லுதேன்."

"இன்னைக்கே சொல்லிருங்க. மன்னிப்புக் கேக்க ராத்திரிலா."

அந்த நிமிடம் வரை நான் செய்தது பயத்தால் வந்த பொய், பொய்யால் வந்த பிழை. அந்த நிமிடத்துக்குப் பிறகு செய்தவை எல்லாம் முழு அறிவோடு செய்தவை. நாள் கணக்கில் அக்கறை உள்ளவன் ஆகையால் இந்த எல்லைக்கோட்டை நான் தெளிவாகப் போட்டுவிடுகிறேன்.

சொல்லவில்லை. இன்னும் பத்து நாளில் தம்மாமுக்குத் திரும்பப் போகிறவன், நிம்மதியாகப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறு ஆண்டு அவன் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாகவே வந்துவிட்டான். டவுனில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். அந்தப் பராஅத்திலும் நேராக வேம்படிக்குத்தான் போனான். மீரான் என்னைத் தேடி வந்தார்.

"இன்னும் சொல்லலியா?"

"சொல்லிட்டேன்."

"பெறவு ஏன் அங்கனயே நிக்கான்?"

எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பதில்! "யாருமில்லாத மய்யித்துல்லா. அந்த வடக்கத்தி ஆளுக்கும் சேத்து ஓதுதான்" என்றேன்.

மீரானின் கண் கலங்கிவிட்டது. "மைமூன் வளத்த புள்ளலா" என்றார்.

மறு ஆண்டு மீரான் இறந்தார். அவர் அடக்கத்துக்கு நான் போனேன். மூன்று பிடி மண் போட்டேன். அடி எண்ணி எழுதினேன். எல்லாம் முறையாக. ஆனால் மண் போடும்போது என் நெஞ்சில் இருந்தது என்ன தெரியுமா? நிம்மதி. மைமூன் ராத்தாவின் இடத்தைச் சொல்லக்கூடிய வாய் ஒன்று மூடிவிட்டது என்ற நிம்மதி! அன்று தூக்கிச் சென்ற மற்றவர்களுக்கு இடம் அவ்வளவு துல்லியமாக நினைவில்லை. கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள்: தேதி காக்காவிடம் கேளுங்கள்.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம். நெல்லையில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளைச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் கரை உடைந்து மையவாடிக்குள் ஆளுயரத் தண்ணீர் நின்றது. தென்சுவர் சாய்ந்தது. தண்ணீர் வடிந்தபோது ஒரு மேடும் இல்லை. எல்லாம் ஒரே சேறு. யார் எங்கே என்று தெரியவில்லை.

ஊரே என் வீட்டு வாசலில் நின்றது. குறிப்பேட்டை மெழுகுத்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட நனையவில்லை. நான் அடி எண்ணி நடக்க, பின்னால் குடும்பம் குடும்பமாக வர, ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியை நட்டோம். வயதானவர்கள் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

சாகுல் கூட்டத்தில் கடைசியாக நின்றான். அவன் முறை வந்ததும், "எங்க உம்மா எங்கன மாமா?" என்றான்.

நீங்கள் அதைக் கவனித்தீர்களா? அவனே கேட்டான். வேம்பைத் தவிரப் பழைய அடையாளம் எதுவும் இல்லாத நிலத்தில், முதல் தடவை கேட்பவன் போலக் கேட்டான். தெற்கே பத்து அடி நடந்து, இங்கே என்று காட்டியிருக்கலாம். ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது! 'முன்பு வேம்படி என்றீர்களே' என்று கேட்டிருப்பான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையில் குறிப்பேடு விரிந்திருந்தது. சுற்றிலும் அத்தனை கண்கள். இதில் ஒரு வரி பொய் என்றால் அத்தனை வரியும் பொய்யாகிவிடும். அப்புறம் யார் எந்தக் குச்சியை நம்புவார்கள்? எல்லாக் குடும்பங்களுக்காகவும்தான் இந்த ஒரு பொய்யைக் காக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தேனா? இப்போது எழுதும்போது தெரிகிறது, நான் காத்தது குறிப்பேட்டை அல்ல. கையில் பட்ட முத்தங்களை.

வடக்கே எண்ணி நடந்தேன். வேம்படியில் குச்சியை நட்டேன்.

சில வாரம் கழித்து ஜமாஅத்துத் தலைவர் வந்தார். அடுத்த பராஅத்துக்குள் தென்சுவரைக் கட்டிவிட்டு, அதை ஒட்டி வாசலிலிருந்து உள்ளே வரை சிமெண்டுப் பாதை போடப் போகிறோம், வயதானவர்கள் சேற்றில் வழுக்குகிறார்கள் என்றார். "தெக்கு ஓரத்துல சமீபத்துல யாரும் இருக்காவளா காக்கா? ஒங்க நோட்டுல பாத்துச் சொல்லுங்க."

நோட்டைத் திறந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். இல்லாத ஒன்றை அவர் கண் முன்னால் வெகுநேரம் தேடினேன்.

"நோட்டுல இல்ல" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். நோட்டில் இல்லைதான்...

பாதை போட்டார்கள். நல்ல பாதை. வாசலில் தொடங்கித் தென்சுவர் ஓரமாகப் போய், வேம்பைப் பார்த்து வடக்கே திரும்புகிறது. வேம்படிக்குப் போகிற எவரும் அதில்தான் நடக்க வேண்டும். சாகுலும் அதில்தான் நடக்கிறான்.

கபரின் மேல் கால் வைக்கக் கூடாது என்று எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த ஆண்டு நான் ஹஜ்ரத்திடம் போனேன். எங்கள் பள்ளிவாசலில் தொழவைப்பவர், என்னைவிட முப்பது வயது இளையவர். யாருக்கோ நடந்தது போல, ஊர் பேர் இல்லாமல், பாதி விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு பொய்யால் தீங்கு செய்துவிட்டார், இறைவனிடம் ஒவ்வொரு பராஅத்திலும் அழுது மன்னிப்புக் கேட்கிறார், அது போதுமா?

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க தபாலாபீஸ்ல இருந்தவங்க. விலாசம் தப்பா எழுதுன கடுதாசிய என்ன செய்வீங்க?"

"எழுதினவருக்கே திருப்பி அனுப்புவோம்."

"அதான். அந்த மனுஷனுக்குச் சேர வேண்டியத அல்லாஹ்வுக்கு அனுப்புனா, திரும்பித்தான் வரும். அவர நேரா போய்ச் சொல்லச் சொல்லுங்க." பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "பராஅத்து வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னும் சொல்லுங்க" என்றார்.

எழுந்து வரும்போது வாசலில் நின்று இன்னொன்று கேட்டேன். வேறு இடத்தில் நின்று கையேந்தினாலும் இறந்தவருக்குப் போய்ச் சேருமா? "துஆவுக்கு இடமெல்லாம் கிடையாது, எங்கருந்து கேட்டாலும் சேரும்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் என்ன நட்டம்? ராத்தாவுக்கும் போய்ச் சேருகிறது. யாருமற்ற அந்த வடக்கத்தி மனிதருக்கும் பக்கத்தில் நின்று ஓத ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. என் பொய்யால் ஒரு நன்மைகூட நடந்திருக்கிறது அல்லவா?

இப்படியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியும். நிறையப் படித்தவனுக்கு இதுதான் ஆபத்து. காரணம் கிடைக்காமல் போவதே இல்லை.

பராஅத் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. ராத்தா இறந்த ஆண்டு ஏப்ரலில் இருந்தது, இந்த ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எனக்கும் உடம்பு முன்போல் இல்லை. மேலே எழுதப்படும் ஏட்டில் என் பெயருக்கு இன்னும் எத்தனை இரவு இருக்கிறது என்று தெரியாது. இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள்தான்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு சாகுலே வந்தான். தட்டில் அரிசி ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல என் முன்னால் நின்றான்.

"மாமா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிக்கிடுங்க."

"மன்னிச்சேன் மருமவனே." காலையில் சொல்லிப் பார்த்ததைத் தொடங்கினேன். "நீயும் என்னைய மன்னிக்கணும். ஒனக்கு நான் ஒரு..."

முடிக்கவிடவில்லை. என் வலது கையை இரண்டு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க எங்கிட்ட கேக்கலாமா மாமா? எங்க உம்மாக்கு மண்ணு போட்ட கைலா இது. எல்லாத்தையும் மன்னிச்சேன், போதுமா" என்று சிரித்தான்.

போதுமா?

இன்னது என்று தெரியாமல் ஒருவன் மன்னித்தால் அது மன்னிப்பா? பிரிக்காத உறையில் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல ரொட்டி. தின்ன முடியவில்லை.

மாலையில் மூன்று யாசீன் ஓதினேன். முதலாவது ஆயுளுக்கு. எதற்கு? சொல்லாமல் இருக்க இன்னும் ஒரு வருடமா? மூன்றாவதை ஓதும்போது வரிகள் குழம்பின. சஜ்தாவில் நெற்றியை வைத்தபோது ஹஜ்ரத்தின் குரல்தான் கேட்டது: திரும்பித்தான் வரும்.

இரவு மையவாடி வாசலில் சாகுல் எனக்காகக் காத்திருந்தான். நிலா பகல்போல் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் நடந்தோம். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் சலாம் சொல்லிக்கொண்டே போனார்கள். மீரான் சொன்ன இடம் நெருங்கியது. நோட்டில் எழுதாவிட்டாலும் அந்த இடம் எத்தனையாவது அடி என்று என் காலுக்குத் தெரியும்.

ஒவ்வொரு ஆண்டும் அங்கே நான் பாதையிலிருந்து இறங்கிவிடுவேன். இந்த ஆண்டும் இறங்கினேன். பக்கத்தில் நெருஞ்சி படர்ந்து கிடந்தது. வெறுங்கால். நான்கைந்து முள் ஒன்றாக ஏறிவிட்டன. நின்றுவிட்டேன்.

"என்ன மாமா, பாதையிருக்கும்போது ஏன் முள்ளுக்குள்ள போறிய?" சாகுல் கையை நீட்டி என்னை மேலே இழுத்தான். "இங்கன வாங்க. பைய. என் தோளப் பிடிச்சுக்கிடுங்க."

நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவன் செல்போன் விளக்கைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டான். அப்படியே பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கடையில் நுணுக்கமான வேலை செய்து பழகிய விரல்கள். ஒவ்வொரு முள்ளாக நகத்தால் பிடித்து எடுத்தான்.

அவன் உட்கார்ந்திருந்த இடம் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதுதான் நேரம். இதைவிடப் பொருத்தமான ஒரு நேரம் கியாமத்து நாள்வரை எனக்கு வாய்க்காது. எழுந்திரு சாகுல் என்று சொன்னால் போதும். இரண்டே சொல். வாயைத் திறந்தேன். அவன் விளக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து, "வலிக்கா மாமா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றேன்.

வேம்படிக்குப் போனோம். அவன் ஓதினான். நான் ஆமீன் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். மைமூன் ராத்தாவின் பக்கத்தைத் திறந்து, திருத்துவதற்காகப் பேனாவின் மூடியையும் கழற்றினேன். எழுதவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு தாளை எடுத்து இதை எழுதத் தொடங்கினேன். பராஅத்துக்கு மறுநாள் வைக்கும் நோன்புக்கு எழுப்பும் நேரம்வரை எழுதினேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

சாகுல் இதையெல்லாம் படிப்பவன் இல்லை.

எழுதி முடித்ததும் பழக்கத்தில் மேலே தேதி போட்டேன். ஷஃபான் பதினைந்து. பிறகு, அஞ்சல் நிலையத்தில் முப்பது வருடம் உட்கார்ந்த கண்ணோடு ஒருமுறை பார்த்தேன். தேதி சரியாக இருக்கிறது. எழுத்தும் தெளிவாக இருக்கிறது. விலாசம்தான் தப்பு.